லைடனை விட்டுப் போனவர்கள்

சென்ற மாதம் ஒரு நாள் மாலை சிநேகிதர் ஒருவர் என் வீட்டுக்கு வந்திருந்தார். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவர். காவிரிக் கரையில் பூர்வீக வீடு இருக்கிறது. மகன் பெங்களூரில் இருக்கிறான்.

"எங்கே போய் நிலையாக உட்காருவது, சொல்லுங்கள் சார்" என்றார். "ஊரிலே இருந்தால் நம்மைப் போல நாலு பேர் இருக்கிறார்கள். கோயில் இருக்கிறது, திண்ணையில் பேச்சு இருக்கிறது. ஆனால் பிள்ளையைத் தீபாவளிக்குத்தான் பார்க்கலாம். பிள்ளையிடம் போனால் பேரன் மடியிலே இருப்பான். பேசத்தான் ஆள் இராது."

காபி ஆறிக்கொண்டிருந்தது. நான் பதில் சொல்லவில்லை. நாவல் எழுதுகிறவனிடம் இந்த மாதிரிக் கேள்விக்கு விடை இருக்கும் என்று அவர் நினைத்தது என் பாக்கியம். எனக்கு அப்போது ஞாபகம் வந்ததெல்லாம் நானூறு வருஷத்துக்கு முன்னால் இதே கேள்வியை வைத்துக்கொண்டு மூன்று வருஷம் மண்டையை உடைத்துக்கொண்ட ஒரு கூட்டத்தின் கதைதான். அவர் போன பிறகு அதை மறுபடி எடுத்துப் படித்தேன்.

'மேஃப்ளவர்' என்ற கப்பலின் பெயரை வாசகர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். இங்கிலாந்தில் மத சுதந்திரம் இல்லாமல் கஷ்டப்பட்டவர்கள் 1620-இல் அதில் ஏறி அமெரிக்கா போனார்கள் என்று நாம் பரீட்சைக்குப் படித்தோம். அது பாதி உண்மை. அந்தக் கூட்டத்தின் தலைவர்கள் இங்கிலாந்தை விட்டது 1608-இல். இடையில் பன்னிரண்டு வருஷம் அவர்கள் ஹாலந்து தேசத்தில் இருந்தார்கள். அங்கே அவர்கள் தங்கள் இஷ்டப்படி தொழுதார்கள், சபை கூடினார்கள், யாரும் தடுக்கவில்லை. பிறகு ஏன் அந்த ஊரை விட்டார்கள்? எனக்கு ருசியாக இருப்பது இந்தக் கேள்விதான்.

முதலில் அவர்கள் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட விதத்தைச் சொல்ல வேண்டும். ஸ்க்ரூபி என்ற சிறிய கிராமம். அங்கே தபால் அதிகாரியாக இருந்த வில்லியம் புரூஸ்டர் என்பவர் வீட்டில் இவர்கள் இரகசியமாகக் கூடினார்கள். அரசரின் திருச்சபை வேண்டாம், நாங்களே ஒரு சபையாக இருந்துகொள்கிறோம் என்பது இவர்கள் கொள்கை. அந்தக் காலத்தில் இது ராஜத் துரோகத்துக்கு அடுத்த படி. 1607-இல் பாஸ்டன் என்ற ஆங்கிலத் துறைமுகத்தில் கப்பல் ஏறப் பார்த்தார்கள். பணம் வாங்கிக்கொண்ட கப்பல்காரனே காட்டிக் கொடுத்துவிட்டான்.

மறு வருஷம் ஆளில்லாத ஒரு கடற்கரையைப் பார்த்து, டச்சுக்காரன் ஒருவனிடம் பேசி ஏற்பாடு செய்தார்கள். ஆண்கள் தரை வழியாக வந்து முதலில் கப்பலேறினார்கள். பெண்களும் குழந்தைகளும் வந்த படகு சேற்றில் மாட்டிக்கொண்டு நகராமல் நின்றது. அந்தச் சமயத்தில் தூரத்தில் ஆயுதங்களோடு ஒரு கும்பல் வருவதைக் கப்பல் தலைவன் பார்த்தான். நங்கூரத்தைத் தூக்கி, பாய் விரித்துப் போயே போய்விட்டான். கப்பலில் புருஷர்கள்; கரையில் மனைவி மக்கள். கட்டிய துணியைத் தவிர அந்த ஆண்களிடம் வேறொன்றும் இல்லை. போதாக்குறைக்குப் புயல் வேறு அடித்து, கப்பலை நார்வே கரை வரைக்கும் தள்ளிக்கொண்டு போயிற்று.

கரையில் அகப்பட்ட பெண்களை என்ன செய்வதென்று அதிகாரிகளுக்கே தெரியவில்லை. புருஷனோடு போக விரும்பினாள் என்பதற்காக ஒருத்தியைச் சிறையில் போடுவது எப்படி? வீட்டுக்கு அனுப்பலாம் என்றால் வீடுதான் இல்லையே, விற்றுவிட்டார்களே! ஓர் அதிகாரியிடமிருந்து இன்னோர் அதிகாரி என்று இழுத்தடித்து, கடைசியில் சனியன் விட்டது என்று போகவிட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாக எல்லோரும் ஆம்ஸ்டர்டாம் போய்ச் சேர்ந்தார்கள்.

ஆம்ஸ்டர்டாமில் ஏற்கெனவே இவர்களைப் போன்ற ஆங்கிலேயர் இருந்தார்கள். கொள்கையில் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனாலும் அவர்களுக்குள் ஓயாத சண்டை. அந்தச் சண்டை நம்மையும் தொற்றிக்கொள்ளும் என்று பயந்து ஒரே வருஷத்தில் அங்கிருந்து கிளம்பிவிட்டார்கள். ஒரே கொள்கைக்காரர்கள் பக்கத்தில் இருந்தால் போதும் என்று நினைக்கிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

பிறகுதான் லைடன். சுமார் நூறு பேர் வந்து குடியேற அனுமதி வேண்டும் என்று நகர சபைக்கு மனுப் போட்டார்கள். நாணயமான மனிதர்கள் சட்டப்படி நடந்துகொண்டால் யாருக்கும் இங்கே கதவடைப்பதில்லை என்ற பொருளில் 1609 பிப்ரவரியில் நகர சபை பதில் எழுதிற்று. அந்தப் பதிலைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்த ஊர்மேலேயே ஒரு பிரியம் வந்துவிட்டது. கால்வாய்களும் பாலங்களும் நிறைந்த ஊர். சர்வகலாசாலை உள்ள ஊர். துணி நெசவுக்குப் பேர் போன ஊர். இங்கிலாந்தில் ஏர் பிடித்தவர்கள் இங்கே தறியின் முன் உட்கார்ந்தார்கள். பின்னால் அமெரிக்காவில் கவர்னராகப் போகிற வில்லியம் பிராட்ஃபோர்டு என்ற இளைஞர் முரட்டுத் துணி நெய்து ஜீவனம் செய்தார். புரூஸ்டர் மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தார். அவர் குடியிருந்த சந்துக்கு 'நாற்றச் சந்து' என்று பெயர். சபையின் போதகர் ஜான் ராபின்சன் 1611-இல் பெரிய மாதா கோயிலுக்கு எதிரே வேறு சிலரோடு சேர்ந்து ஒரு வீடு வாங்கினார். அதன் தோட்டத்தில் இருபத்தொரு சிறிய வீடுகள் கட்டிக்கொண்டு ஏழைக் குடும்பங்கள் இருந்தன. கொள்கையும் குடும்பமும் ஒரே வளைவுக்குள். என் சிநேகிதர் கேட்பது இதைத்தானே?

இதையும்தான் விட்டார்கள்!

பிராட்ஃபோர்டு பிற்காலத்தில் எழுதிய சரித்திரத்தில் காரணங்களை ஒளிக்காமல் சொல்கிறார். வேலை கடினம், வயசுக்கு முன்னால் கிழத்தனம் வந்துவிட்டது. ஸ்பெயினோடு ஹாலந்து செய்துகொண்ட பன்னிரண்டு வருஷ சமாதானம் 1621-இல் முடிகிறது, யுத்தம் வரலாம். தொலைதேசத்தில் தங்கள் மதத்தைப் பரப்பும் ஆசையும் உண்டு. ஆனால் அவர் எழுத்தில் வலி தெரிகிற இடம் பிள்ளைகளைப் பற்றியது. சின்ன வயசிலேயே தகப்பனோடு சேர்ந்து பாரம் சுமந்து பிள்ளைகளின் முதுகு வளைந்துபோயிற்று. வளர்ந்த பையன்களில் சிலர் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். சிலர் கப்பலில் தூரப் பிரயாணம் போனார்கள். சிலர் அதைவிட மோசமான வழியில் போனார்கள். கூட்டத்தில் இன்னொருவரான எட்வர்ட் வின்ஸ்லோ, நம் மொழியும் ஆங்கிலேயர் என்ற பெயருமே போய்விடும்போல் இருந்தது என்ற கவலையைச் சொல்கிறார். இங்கிலாந்தில் சிறை வைத்துப் பார்த்தும் பிரிக்க முடியாத கூட்டத்தை லைடன் நகரம் நல்ல வார்த்தை சொல்லியே கரைத்துக்கொண்டிருந்தது.

எங்கே போவது என்ற ஆலோசனை 1617-இல் ஆரம்பித்தது. தென் அமெரிக்காவில் கயானா என்று சிலர் சொன்னார்கள். எப்போதும் வசந்தம், பாடுபடாமல் விளையும் பூமி என்று அதற்குப் பெயர். உஷ்ணத்தில் வியாதி வரும், ஸ்பானியர்கள் விடமாட்டார்கள் என்று மற்றவர்கள் மறுத்தார்கள். 1565-இல் ஃபுளோரிடாவில் குடியேறிய பிரெஞ்சு பிராட்டஸ்டண்டுகளை ஸ்பானியர்கள் கொன்று குவித்தது அவர்களுக்கு மறக்கவில்லை. வர்ஜீனியாவில் 1607 முதல் ஆங்கிலேயர் குடியிருப்பு இருக்கிறது. ஆனால் அங்கே போனால் எந்தத் திருச்சபையிலிருந்து தப்பி வந்தோமோ அதன் வாசலிலேயே போய் நிற்கவேண்டும். அவர்களை விட்டு ரொம்பத் தூரம் போனாலோ ஆபத்துக்கு ஓடிவர ஆள் கிடையாது. கடைசியில் வர்ஜீனியாவின் எல்லைக்குள், ஆனால் தனியாக, என்று தீர்மானமாயிற்று. கிட்ட இருக்கவேண்டும், ஒட்டவும் கூடாது. கூட்டுக் குடும்பத்தில் தனிச் சமையல் கேட்கிற மருமகளின் யோசனை இது. அரசர் ஜேம்ஸ் எழுத்தில் உத்தரவாதம் தர மறுத்தார்; தொந்தரவு செய்யமாட்டேன் என்று வாய்மொழியாகத் தெரிவித்தார். அதை நம்பிப் புறப்பட்டார்கள்.

புறப்படுகிற நேரத்தில்தான் விபரீதம் தெரிந்தது. எல்லோருக்கும் கப்பலில் இடம் இல்லை. எல்லோருக்கும் தைரியமும் இல்லை. சபையில் பெரும்பான்மையோர் லைடனிலேயே தங்கினார்கள். எந்தப் பக்கம் அதிகம் பேரோ அந்தப் பக்கம் போதகர் என்பது ஏற்பாடு. ஆகவே ராபின்சன் தங்கிவிட்டார். புரூஸ்டர் தம் பிள்ளைகளுக்கு வைத்த பெயர்களை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கினால் 'அன்பு', 'மல்யுத்தம்', 'பொறுமை', 'பயம்' என்று வரும். அன்பையும் மல்யுத்தத்தையும் கூட்டிக்கொண்டு, பெண்களான பொறுமையையும் பயத்தையும் விட்டுவிட்டுப் போனார். இதை நான் கற்பனை செய்திருந்தால் பத்திரிகாசிரியர் அடித்திருப்பார். பிராட்ஃபோர்டும் மனைவி டாரதியும் சுமார் மூன்று வயசுப் பையன் ஜானை விட்டுவிட்டுப் போனார்கள். பிள்ளைகள் கையை விட்டுப் போகிறார்களே என்று தொடங்கிய பிரயாணம் பிள்ளைகளை விட்டுவிட்டுத்தான் நடந்தது. 1620 ஜூலையில் டெல்ஃப்ஸ்ஹாவன் துறையில் அவர்கள் விடைபெற்றபோது, வேடிக்கை பார்க்க நின்ற டச்சுக்காரர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்களாம்.

இரண்டு கப்பல்களில் ஒன்று ஒழுகிற்று. அதை விட்டுவிட்டு 102 பேர் மேஃப்ளவரில் நெருக்கிக்கொண்டு செப்டம்பரில் புறப்பட்டார்கள். அவர்களிலும் லைடன் சபைக்காரர்கள் பாதிக்கு மேல் இல்லை. மற்றவர்கள் வியாபாரிகள் சேர்த்துவிட்ட அந்நியர்கள். காற்று வேறு ஏமாற்றி, வர்ஜீனியா எல்லைக்கு வடக்கே கொண்டுபோய்ச் சேர்த்தது. உத்தரவில்லாத இடத்தில் எங்களை அதிகாரம் பண்ண நீங்கள் யார் என்று அந்நியர்கள் முணுமுணுத்தார்கள். கரையில் குடியேறுமுன்பே ஓர் உடன்படிக்கை எழுதி 41 ஆண்கள் கையெழுத்திட வேண்டியதாயிற்று. அதை ஜனநாயகத்தின் வித்து என்று கொண்டாடுகிறார்கள். எனக்கு அது சத்திரத்தில் ஒன்றாகத் தங்க நேர்ந்தவர்கள் செய்துகொண்ட ஒப்பந்தம் மாதிரிப் படுகிறது. அதனால் அதன் மதிப்புக் குறைந்துவிடாது.

டிசம்பரில், கணவர் இடம் பார்க்கப் படகில் போயிருந்தபோது, டாரதி கப்பலிலிருந்து விழுந்து மூழ்கி இறந்தாள். குழந்தையை நினைத்து அவளே குதித்தாள் என்று ஒரு கதை உண்டு. அந்தக் கதைக்கு ஆதாரம் தேடிக்கொண்டு போனால், 1869-இல் ஒரு பத்திரிகையில் ஒரு நாவலாசிரியை எழுதியதில்தான் வந்து முட்டுகிறது. எங்கள் ஜாதியின் கைங்கரியம்! நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். கப்பலின் மேல்தட்டில் பனிக்கட்டியும் இருந்திருக்கலாம். தெரியாததைத் தெரியாது என்று விடுவதுதான் அந்தப் பெண்ணுக்குச் செய்யும் மரியாதை.

அந்தக் குளிர்காலத்தில் வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் செத்தார்கள். தாய்மார்கள் அதிகம்.

மிஞ்சியவர்கள் செய்த காரியம் என்னைத் திரும்பத் திரும்ப நினைக்கவைக்கிறது. லண்டன் வியாபாரிகளுக்குக் கழுத்து வரை கடன். வயிற்றுக்கே சரியாக இல்லை. இருந்தும் லைடனில் விட்டவர்களை அழைத்துக்கொள்ளும் எண்ணத்தைக் கைவிடவில்லை. 1623-இல் பொறுமையும் பயமும் வந்தார்கள். பிற்பாடு பையன் ஜானும் வந்து சேர்ந்தான். 1629-லும் 1630-லும், பத்து வருஷம் காத்திருந்த குடும்பங்களைக் காலனியின் சொந்தச் செலவில் வரவழைத்து, வீடு கட்டிக் கொடுத்து, விளைச்சல் வரும் வரைக்கும் சோறும் போட்டார்கள். ராபின்சன்தான் வரவில்லை. 1625-இல் லைடனிலேயே காலமாகி, எதிரே இருந்த அந்த மாதா கோயிலிலேயே அடக்கமானார்.

ஆக, எல்லோரும் சேர்ந்தாயிற்று. ஒரே ஊர், ஒரே சபை. பக்கத்தில் கெடுக்க டச்சுக்காரன் இல்லை. அப்புறம் என்ன?

மாடு வந்தது. 1630 முதல் பக்கத்து மாசசூசெட்ஸில் ஆயிரக்கணக்கான புதுக் குடியேறிகள் வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு மாடும் தானியமும் வேண்டும்; விலை ஏறிற்று. மாடு வைத்தவனுக்கு மேய்ச்சல் நிலம் வேண்டும், வைக்கோல் வேண்டும். விரிகுடாவின் எதிர்க்கரையில் டக்ஸ்பரியில் நல்ல புல். முதலில் கோடையில் மட்டும் போனார்கள். 1632-இல் மைல்ஸ் ஸ்டாண்டிஷ், ஜான் ஆல்டன், புரூஸ்டரின் மூத்த மகன் ஜானதன் உள்பட நான்கு பேர், குளிர்காலத்தில் குடும்பத்தோடு ஊருக்குத் திரும்பிவந்து வழிபாட்டில் சேர்ந்துகொள்கிறோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். எழுத்தில் வாங்கும்படி ஆனபோதே விஷயம் கைமீறிவிட்டது என்றுதானே அர்த்தம்? சீக்கிரத்தில் டக்ஸ்பரிக்குத் தனிச் சபை ஏற்பட்டது. பிறகு மார்ஷ்ஃபீல்டு. நாற்றச் சந்திலிருந்து எல்லோரையும் வழிநடத்தி வந்த புரூஸ்டரே டக்ஸ்பரியில் நிலம் வைத்துக்கொண்டு அங்கே வாழ்ந்தார். 1644-இல் மீதி இருந்தவர்கள் ஊரையே மொத்தமாக நாசெட் என்ற இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று யோசித்தார்கள். இடம் போதாது என்று தெரிந்து திட்டத்தைக் கைவிட்டார்கள். ஆனாலும் ஒரு பகுதியார் போயே போய்விட்டார்கள்.

பிராட்ஃபோர்டு போகவில்லை. பிள்ளைகள் பிரிந்துபோன கிழத்தாயைப் போல ஆகிவிட்டது எங்கள் சபை என்று அவர் அந்த இடத்தில் எழுதுகிறார். டச்சுக்காரர்கள்மேல் பழி போடுவதுபோல யார்மேலும் பழி போட அவருக்கு வழியில்லை. போனவர்கள் கெட்டவர்கள் அல்ல, சபைக்காரர்கள்தான். தூரமும் அதிகமில்லை, இங்கிருந்து பார்த்தால் அந்தக் கரை தெரியும்.

1650-ஐ ஒட்டி, அறுபது வயசில், அவர் ஒரு காரியம் செய்தார். மேஃப்ளவரில் வந்தவர்கள் ஒவ்வொருவரின் பெயரையும் எழுதி, யார் எப்போது செத்தார்கள், யாருக்கு எத்தனை பிள்ளை, எத்தனை பேரன் பேத்தி என்று கணக்கெடுத்தார். கல்யாணப் பத்திரிகை அனுப்பப் பட்டியல் போடுகிற வீட்டுப் பெரியவர் மாதிரி எனக்கு அவர் தோன்றினார். தம்மைப் பற்றிய இடத்தில் மனைவி வந்தவுடன் இறந்ததையும், மறுமணத்தையும், பிள்ளைகளின் எண்ணிக்கையையும் சுருக்கமாகக் குறித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுகிறார்.

அந்த எண்ணிக்கையில் ஜானும் உண்டு. லைடனில் விட்டுவிட்டு வந்த பையன். அவன் டக்ஸ்பரியில் குடியிருந்தான், பிறகு மார்ஷ்ஃபீல்டில், கடைசியில் கனெக்டிகட்டில் உள்ள நாரிச் என்ற ஊரில் போய் இருந்து அங்கேயே காலமானான்.