சிவந்த காரை

ஓசூரின் எல்லைக்கு அப்பால் மாலூரின் ஓட்டுச் சூளைகளும் செங்கற் சூளைகளும். இப்பால் 1970களில் தொடங்கிய சிப்காட் ஆலைகளும், அவற்றைச் சுற்றி எழும்பிய அடுக்குமாடிகளும். சுட்ட மண்ணும் சிமெண்டும் உறவற்ற இரு பொருள்கள் என்றே இன்று எண்ணுகிறோம். வரலாறு வேறு சொல்கிறது.

1911இல் மைசூர் அரசின் தலைமைப் பொறியாளர் விசுவேசுவரய்யா தொடங்கிய கிருஷ்ணராஜசாகர் அணை, சுண்ணாம்போடு செங்கற்பொடி கலந்த சுர்க்கிக் காரையால் கட்டப்பட்டது. அங்கிருந்து வரும் காவிரி நீரைத்தான் கிருஷ்ணகிரி மாவட்ட எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் அளக்கிறார்கள். 1895இல் முடிந்த பெரியாற்று அணையும் சுர்க்கிக் கட்டுமானமே. சுர்க் என்றால் பாரசீகத்தில் சிவப்பு. நம் 'காரை'யோ கன்னடத்திலும் சிறிது ஒலி திரிந்து வழங்கும் சொல். பெயரிலேயே மூன்று மொழிகள் குழைந்து கிடக்கின்றன.

பின்னர்ச் சிமெண்ட் வந்தது, சுர்க்கி பழங்கதையாயிற்று. அதற்கு நாம் கொடுத்த விலை காற்றில் இருக்கிறது. சிமெண்டின் உயிரான கிளிங்கரைப் பெறச் சுண்ணாம்புக்கல்லை 1450 பாகை வரை சுட வேண்டும். எரிபொருளின் புகை ஒருபுறமிருக்க, 100 கிலோ சுண்ணாம்புக்கல் சிதையும்போது கல்லிலிருந்தே 44 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. களிமண்ணுக்கு 700 முதல் 850 பாகை போதும். அதனுள்ளிருந்து பிரிவது பெரும்பாலும் நீராவியே.

இவ்வுண்மையைக் கொண்டு சுவிட்சர்லாந்து, கியூபா நாட்டு ஆய்வாளர்களும் நம் சென்னை, தில்லி ஐ.ஐ.டி.களும் சேர்ந்து, கிளிங்கரைப் பாதியாகக் குறைத்து, எஞ்சியதில் சுட்ட களிமண்ணும் சுடாத சுண்ணாம்புக்கற்பொடியும் சிறிது ஜிப்சமும் சேர்த்த சிமெண்டை உருவாக்கினர். கரியமில வாயு 40 விழுக்காடு வரை குறையும் என்பது அவர்கள் கணக்கு. 2023இல் இந்தியத் தர நிர்ணய அமைவனமும் இதற்கெனத் தனித்தரம் வகுத்தது.

இதனால் முன்னோர் எல்லாம் அறிந்திருந்தனர் என்று மார்தட்ட வேண்டியதில்லை. அவர்களின் சுண்ணாம்புக் காளவாயும் புகை கக்கியதுதான். காற்றைப் பற்றி அவர்கள் கணக்கிட்டதில்லை. களிமண் சுடவும் எரிபொருள் வேண்டும். அது நிலக்கரியானால் ஆதாயத்தில் ஒரு பகுதி புகையாகவே போகும். எல்லா மண்ணும் உதவாது. கயோலினைட் மிகுந்த களிமண் வேண்டும், அதை எங்கோ தோண்டவும் வேண்டும்.

பழையவர்க்கு வலிமை ஒன்றே கேள்வி. ஓசூரில் நாளை எழும்பும் ஒவ்வொரு சுவருக்கும் இரண்டு கேள்விகள்: எவ்வளவு தாங்கும், எவ்வளவு புகைத்தது? இரண்டாவதைக் கேட்கத் தொடங்கிய பிறகே சுர்க்கியின் அருமை நமக்குப் புரிகிறது.