கொச்சியின் பெயரும் கோழியின் காலும்

களமசேரியில் வீட்டுக் கொல்லையில் கோழி வளர்ப்போரிடம் அது என்ன இனம் என்று கேட்டால், பெரும்பாலும் ‘நாடன்’ என்ற விடையே கிடைக்கும். ஒரு சேவலும் ஏழெட்டுப் பெட்டைகளும் கொண்ட அச்சிறு கூட்டத்தில் ஒன்று கருநிறம், ஒன்று செம்பழுப்பு, ஒன்று கழுத்தில் இறகற்றது, மற்றொன்று அரசுப் பண்ணையிலிருந்து குஞ்சாக வந்தது. ‘நாடன்’ என்பது இனப்பெயர் அன்று. இனம் கூற இயலாத கலப்புக்கு வழங்கும் பொதுப்பெயர். தமிழின் ‘நாட்டுக்கோழி’யும் பெரும்பாலும் அத்தகையதே. ஆயினும் உலகக் கோழியினப் பட்டியலில் இவ்வூரின் பெயரைத் தாங்கிய இனம் ஒன்று உண்டு. ‘கொச்சின்’ என்னும் அவ்வினம் கொச்சியைச் சேர்ந்ததன்று.

பெயர் வந்த வழி மொழியியல் மாணவர்களுக்குச் சுவையானது. இன்றைய வியட்நாமின் ஒரு பகுதியைச் சீனர் ‘ஜியாவ்ஜி’ என்றனர். அது மலாய் மொழியில் ‘குச்சி’ ஆயிற்று. 16ஆம் நூற்றாண்டில் அங்குச் சென்ற போர்த்துகீசியருக்கு மலபார்க் கரையின் கொச்சி முன்பே பழக்கமானது. இரண்டும் ஒலியால் மயங்காதிருக்கப் புதியதைக் ‘கொச்சின்சீனா’ என்றனர். 1840களில் விக்டோரியா அரசியின் விண்ட்சர் பண்ணைக்கு அப்பெயரில் சில கோழிகள் வந்தன. அதே பத்தாண்டில் ஷாங்காயிலிருந்து வந்து சேர்ந்த, கால்களையும் இறகு போர்த்த பருத்த கோழிகளுக்கும் அப்பெயரே நிலைத்தது. ஷாங்காய் எங்கே, வியட்நாம் எங்கே! பின்னர் வழக்கில் ‘சீனா’ உதிர்ந்து ‘கொச்சின்’ மட்டும் எஞ்சியது. நம் கொச்சியினின்று வேறுபடுத்தவே சேர்க்கப்பட்ட சொல் எதுவோ, உதிர்ந்தது அதுவே.

இத்தகைய பிழைக்கு இக்கரையில் துணையும் உண்டு. மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட வான்கோழியை டச்சுக்காரர் இன்றும் ‘கல்கூன்’, அதாவது கள்ளிக்கோட்டைக் கோழி, என்கின்றனர். 1663இல் கொச்சியைக் கைப்பற்றி மலபார்க் கரையை நேரில் கண்ட பின்னும் அவர்கள் அச்சொல்லைத் திருத்திக்கொள்ளவில்லை.

கொச்சின் கோழியின் வரவு பெரும் மோகமாக மாறியது. 1849இல் பாஸ்டனில் கோழிக் கண்காட்சி நடந்தது. 1855இல் ஜார்ஜ் பர்ன்ஹாம் இம்மோகத்தைப் பற்றி ‘கோழிக் காய்ச்சலின் வரலாறு’ என்ற பெயரிலேயே ஒரு நூல் எழுதினார். 1874இல் அமெரிக்காவில் இனத்தர விதிநூல் வெளிவந்தது. நிறமும் கொண்டையும் உடலமைப்பும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று வரையறுக்கப்பட்டன. வரையறைக்குள் அடங்காத பண்ணைக் கோழிகளுக்கு ஆங்கிலத்தில் வழங்கிய பெயர் ‘குப்பைமேட்டுக் கோழி’. நம் கொல்லைக் கோழியை ‘இனந்தெரியாதது’ என்று ஒதுக்கும் இன்றைய வழக்கில் அப்பார்வையின் தொடர்ச்சியைக் காண்கிறேன்.

1868இல் டார்வின், வீட்டுக்கோழிகள் அனைத்திற்கும் செங்காட்டுக்கோழி ஒன்றே மூதாதை என்று வாதிட்டார். தென்னிந்தியாவின் சாம்பல் காட்டுக்கோழியை, அதன் கலப்பினங்கள் பெரும்பாலும் மலடாக இருப்பது முதலான காரணங்களால் விலக்கினார். முதன்மை மூதாதை பற்றி அவர் கூறியது சரியே. 2020இல் வெளிவந்த மரபணுத்தொகுதி ஆய்வு, தென்கிழக்காசியாவையும் தென்மேற்குச் சீனத்தையும் சார்ந்த செங்காட்டுக்கோழித் துணையினத்தைச் சுட்டியது. ஆனால் 2008இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, கோழியின் மஞ்சள் தோலுக்குக் காரணமான மரபணு வடிவம் செங்காட்டுக்கோழியிலிருந்து வந்ததன்று, பெரும்பாலும் சாம்பல் காட்டுக்கோழியிலிருந்து வந்தது என்று காட்டியது. தீபகற்ப இந்தியாவுக்கே உரிய அப்பறவை, களமசேரி அமைந்துள்ள இதே எர்ணாகுளம் மாவட்டத்தின் தட்டேக்காட்டுப் பறவைகள் சரணாலயத்தில் இன்றும் வாழ்கிறது. ஷாங்காயிலிருந்து இங்கிலாந்து சென்ற கொச்சின் கோழிக்கும் தோல் மஞ்சளே. பெயரில் இல்லாத தென்னாட்டு உறவு அதன் காலில் இருக்கிறது. எந்த மலை, எந்த ஊர் என்று சுட்டுவதற்கு இடமில்லை. தீபகற்ப இந்தியா என்ற அளவில் நிற்பதே முறை.

இக்கலப்பு நிகழ்ந்திருக்கக்கூடிய சூழலை எண்ணிப் பார்க்க வேண்டும். காட்டோரத்துச் சிற்றூரில் பகலெல்லாம் மேயவிட்ட பெட்டையைக் காட்டுச் சேவல் அணைந்திருக்க வேண்டும். அரிதாகப் பிழைத்த, மலடாகாத குஞ்சு ஒன்று ஊர்க்கோழிகளோடு மீண்டும் கலந்திருக்க வேண்டும். அடைத்து, நிறம் பார்த்து இணைசேர்த்த கூட்டத்தில் இதற்கு வாய்ப்பில்லை. குறுந்தொகை மனைக்கோழியையும் கானக்கோழியையும் தனித்தனியே அறியும். அதன் 139ஆம் பாடலில், மாலையில் வேலியருகே காட்டுப்பூனை வர, வீட்டுப் பெட்டை தன் குஞ்சுகளைக் கூவி அழைக்கிறது. வேலிக்கு இப்பால் வீடும் அப்பால் காடுமாக அமைந்த அவ்வாழ்க்கையில்தான் இவ்விரு கோழிகளும் சந்தித்திருக்க முடியும்.

மஞ்சள் கால் மரபணுவால் மட்டும் அமைவதும் அன்று. அந்நிறமி தீவனத்திலிருந்து வர வேண்டும். கீரையும் புல்லும் மேயும் கோழிக்கு அது தானே கிடைக்கும். தொடர்ந்து முட்டையிடும் பெட்டையின் கால் வெளிறுவது, நிறமி மஞ்சட்கருவுக்குச் செல்வதால்தான். அடைகாக்கும் இயல்பும் கவனத்துக்குரியது. வணிக முட்டைக் கோழிகளில் 21 நாள் அடையிருக்கும் குணம் தேர்வினால் ஏறத்தாழ நீக்கப்பட்டுவிட்டது. கொல்லைக் கூட்டத்தில் அக்குணமுள்ள ஒரு பெட்டையாவது இல்லையெனில் ஒவ்வொரு தலைமுறைக்கும் பண்ணைக் குஞ்சையே நம்ப வேண்டியிருக்கும்.

தேசிய இனப் பதிவேட்டில் கேரளத்துக்குரியதாகத் தலச்சேரிக் கோழி இடம்பெற்றிருக்கிறது; மகிழ்ச்சிக்குரியது. எனினும் பதிவு ஒருமையைக் கேட்கிறது. ‘நாடன்’ கூட்டத்தின் இயல்போ பன்மை. 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் 85.18 கோடிக் கோழி முதலான வளர்ப்புப் பறவைகளில் சுமார் 31.7 கோடி கொல்லைப்புறத்தவை. அவற்றுள் அடையிருக்கும் பெட்டைகள் எத்தனை என்ற கேள்வியை எந்தக் கணக்கெடுப்பிலேனும் சேர்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.