ஆட்டிசம்

‘தான்’ என்று பொருள்படும் ‘ஆட்டோஸ்’ என்ற கிரேக்கப் பதத்திலிருந்து, சுவிட்சர்லாந்து தேசத்து மனோவைத்தியர் ப்ளாய்லர், மனச்சிதைவுற்றோர் புறவுலகை விட்டுத் தம்முள்ளேயே ஒடுங்கும் நிலையைக் குறிக்க 1910-ஐ ஒட்டி அமைத்த இச்சொல், 1943-ல் அமெரிக்காவில் லியோ கானர் 11 குழந்தைகளை ஆராய்ந்து எழுதிய பின்னரே, பிள்ளைப் பருவத்திலேயே தோன்றும் ஒரு தனி நிலைக்குப் பெயராயிற்று. பிற்பாடு சில வைத்தியர்கள் இதற்குத் தாயின் அன்புக் குறைவே காரணம் என்றனர், அந்த அபவாதம் சாஸ்திரத்தால் நிராகரிக்கப்பட்டுப் பல்லாண்டுகள் சென்றும், சேவூர்ப் பக்கம் பனியன் கம்பெனிக்கு ஷிப்டுக்குப் போகும் தாயிடம், “புள்ளைகிட்டப் பேசாம வேலைக்குப் போனா இப்படித்தான் ஆகும் கண்ணு” என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அது பெருங்கொடுமை.

தமிழில் வழங்கும் ‘மதியிறுக்கம்’ அறிவுக்குறைவை நினைவூட்டுகிறது. ‘புறவுலகச் சிந்தனையற்றோர்’ என்பதோ இன்னும் அநியாயம், ஏனெனில் இக்குழந்தைகளில் பலர், தையல் மெஷின் இரைச்சலுக்கே காதைப் பொத்திக்கொள்ளுமளவு புறவுலகை மிகையாக உணர்பவர்கள். 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம், ஆஸ்பெர்ஜர் முதலிய பிரிவுகளை இதனுடன் சேர்த்து ‘ஆட்டிசம் நிறமாலை’ என ஒரே பெயரிட்டது. நம் தேசத்தில் 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இடம்பெறாத ஆட்டிசம், 1999-ல் தேசிய அறக்கட்டளைச் சட்டத்திலும், 2016-ல் 21 வகை மாற்றுத்திறன்களின் பட்டியலிலும் ஏறியது. குழந்தைக்குப் பேச்சு தாமதித்தால், தாயைக் குறைகூறாமல், காலம் கடத்தாமல் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.