சட்டசபையில் எம்.சி. ராஜா

ஆசிரியப் பணி புரிந்த பெருந்தகை எம்.சி. ராஜா அவர்கள், சென்னைச் சட்டசபையில் எண்ணிக்கை பலமின்றி நம் மக்களுக்காக வாதாடியவர். அரசு ஏடுகளில் ‘பஞ்சமர்’ என்னும் சொல்லை நீக்கி, தமிழ் மாவட்டங்களில் ‘ஆதிதிராவிடர்’ என வழங்கவேண்டும் என்று 1922-இல் அவர் கொணர்ந்த தீர்மானம் அரசாணையாயிற்று.

1938-இல் தனி உறுப்பினராக இரு மசோதாக்களைக் கொணர்ந்தார். பொதுக்கிணறு, குளம், பாதை ஆகியவற்றில் நமக்கிருந்த தடையை நீக்கும் மசோதா சட்டமாயிற்று. ஆலயப் பிரவேச மசோதாவோ, மாகாணப் பிரதமர் இராஜாஜி எதிர்க்கவே, தோல்வியுற்றது. மாகாணமெங்கும் ஆலயக் கதவுகளைத் திறந்த 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காணாமலே 1943-இல் மறைந்தார்.

இளைஞர்களே! அன்று தோற்ற கோரிக்கையே பின்னர்ச் சட்டமாயிற்று. சிறுபான்மையோர் குரலும் வீண்போகாது என்பதற்கு இதுவே சான்று. அச்சட்டசபை நடவடிக்கை ஏடுகளைத் தேடிப் படியுங்கள்.