புள்ளலூர் தந்த பாடம்



என் சொந்த ஊர் காஞ்சிபுரம் பக்கம் புள்ளலூர். முதலாண்டுப் பேச்சுப் போட்டியில், "எங்க ஊர்லதான் மகேந்திரவர்மன் புலிகேசியை ஓட ஓட விரட்டினான்!" என்று முழங்கினேன். பலத்த கைதட்டல். அன்றிரவு விடுதியில் அறை நண்பன், "ஐகொளே கல்வெட்டைப் படிச்சியாடா?" என்றான். வாய்ச்சண்டை முற்றி, ஒரு மாதம் பேச்சுவார்த்தையே இல்லை.

அவனை மடக்கத்தான் நூலகம் போனேன். மடங்கியது நான். புள்ளலூரில் மகேந்திரன் பகைவரை அழித்தான் என்பது காசாக்குடிச் செப்பேடு. அது நூறாண்டுக்கும் பின், இரண்டாம் நந்திவர்மன் வெளியிட்டது. பகைவன் பெயரும் அதில் இல்லை. கி.பி. 634-ஆம் ஆண்டு ஐகொளே கல்வெட்டோ, புலிகேசி பல்லவனைக் காஞ்சி மதிலுக்குள் ஒடுங்க வைத்தான் என்கிறது.

அதே மண்ணில் 1780 செப்டம்பர் 10-இல் ஐதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை நொறுக்கினார்கள். அந்த வெற்றியை ஸ்ரீரங்கப்பட்டினம் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் திப்பு ஓவியமாக்கினார். 1781 ஆகஸ்ட் 27-இல் ஆங்கிலேயர் அங்கேயே மீண்டும் மோதினர். அதில் மாண்ட இரு அதிகாரிகளுக்கு ஊரில் நினைவுத்தூண்கள் நிற்கின்றன. அவரவர் நினைக்க விரும்பியதை அவரவர் எழுதிவைத்தார்கள். நானும் அதைத்தான் செய்திருந்தேன்.

நண்பனிடம் போய், "தப்பு என்னோடதுதான்டா" என்றேன். "எனக்கும் அந்தச் செப்பேடு தெரியாதுடா" என்று சிரித்தான்.

பல்லவர் தோல்வியோடு முடங்கவில்லை. மகேந்திரன் மகன் நரசிம்மவர்மன் 642-இல் வாதாபியையே பிடித்தான். விழுந்ததை ஒப்புக்கொண்டால்தானே தம்பிகளா, எழுந்த பெருமை புரியும்?