கோவண்டியின் பதிவேடுகள்

1927 ஜூலை 23 அன்று பம்பாய் வானொலி நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கியது. பம்பாயின் கோவண்டிப் பகுதியை ஒட்டிய தேவ்னாரில் நகரம் தன் குப்பையைக் கொட்டத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். அந்தக் குப்பைமேட்டின் புகையைச் சந்துக்குச் சந்து அளக்க வேண்டுமென்றால் இன்று கைக்கெட்டும் வழி கம்பியில்லாச் சென்சார். அதன் இந்திய வரலாறோ வானொலிச் சட்டத்தில் தொடங்குகிறது. 1933-ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமமின்றி ரேடியோ கருவி வைத்திருப்பதையே குற்றமாக்கியது. வீட்டு ரேடியோவுக்குக்கூடத் தபால் நிலையத்தில் பணம் கட்டி உரிமப் புத்தகத்தைப் புதுப்பிக்கும் வழக்கம் பல பத்தாண்டுகள் நீடித்து, 1980களில்தான் ஒழிந்தது. 2005 மார்ச்சில், 865–867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 1 வாட் வரை திறனுள்ள சிறு கருவிகளுக்கு உரிமம் வேண்டாம் என்று மத்திய அரசு விலக்கு அளித்தது. லோராவான் என்ற நெடுந்தூரக் கம்பியில்லா வலைப்பின்னலின் சென்சார்கள் இந்தியாவில் இயங்குவது இந்த அலைவரிசையில்தான். உரிமம் போயிற்று, பதிவேடு போகவில்லை. அது சென்சார்களின் பட்டியலாக, வலைப்பின்னலை நடத்தும் நெட்வொர்க் சர்வருக்குள் குடிபுகுந்தது. கோவண்டியைப் பொறுத்தவரை, ரேடியோ எவ்வளவு தூரம் எட்டுகிறது என்பதைவிட அந்தப் பதிவேடு யார் கையில் இருக்கிறது என்பதே பெரிய கேள்வி என்று நினைக்கிறேன்.

லோராவானுக்கு அடிப்படையான லோரா நுட்பம் பிரான்ஸின் கிரெனோபிளில் சைக்ளியோ என்ற சிறு நிறுவனத்தில் உருவானது. 2012-இல் அமெரிக்காவின் செம்டெக் அதை வாங்கியது. 2015-இல் லோரா அலையன்ஸும் லோராவான் விதிமுறையின் முதல் பதிப்பும் வந்தன. அந்த ஆண்டுகளிலேயே டாடா கம்யூனிகேஷன்ஸ் மும்பையில் இதைச் சோதித்துப் பார்த்தது. சென்சாரின் முதுகில் ஒட்டியிருக்கும் சீட்டில் 16 இலக்கக் கருவி எண் இருக்கும். அதற்குத் துணையாக 32 இலக்க ரகசியச் சாவி ஒன்று உண்டு. இரண்டையும் சர்வரில் ஏற்றினால்தான் சென்சாருக்கு உயிர். கூரைமேல் இருக்கும் கேட்வே, காதில் விழும் எந்தச் சென்சாரின் கோரிக்கையையும் சர்வருக்கு அனுப்பிவிடும். பட்டியலில் எண் இல்லையென்றால் சர்வர் பதில் பேசாது. எண்ணின் பைட் வரிசையைத் தலைகீழாக ஏற்றிவிட்டாலும் இதே கதிதான்: கருவி 865.0625, 865.4025, 865.985 என்று மூன்று அலைவரிசைகளில் மாறிமாறிக் கூப்பிட்டுப் பேட்டரியைத் தீர்த்துக்கொண்டிருக்கும்.

பட்டியலில் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வேறுபாடு கோவண்டி வட்டாரத்துக்குப் புதிதல்ல. 1976 ஜனவரியில் மகாராஷ்டிர அரசு பம்பாயின் குடிசைகளைக் கணக்கெடுத்து, அடையாள அட்டை கொடுத்தது. அதே ஆண்டு மே 17 அன்று, நெருக்கடி நிலைக் காலத்தில், ட்ராம்பேயின் ஜனதா காலனி இடிக்கப்பட்டது. பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்காக மக்கள் சீத்தா கேம்ப்புக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் தமிழர்கள் கணிசம். கோலார் தங்கவயலில் பிறந்து அந்தக் காலனியில் தலைவரான ஜோக்கின் அற்புதம் இதிலிருந்து எடுத்த பாடம் தெளிவானது. அரசு எழுதும் கணக்கு அரசின் தேவைக்கே பயன்படும். மக்கள் தங்களைத் தாங்களே எண்ண வேண்டும். அவர் கட்டிய தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பும், அதோடு கைகோத்த மகிளா மிலன் என்ற பெண்கள் அமைப்பும் ஸ்பார்க் என்ற தொண்டு அமைப்பும் குடிசைவாசிகளே நடத்தும் கணக்கெடுப்பை ஒரு போராட்ட முறையாகவே வளர்த்தன. 1985-இல் ஸ்பார்க் எடுத்த நடைபாதைவாசிகள் கணக்கு, அதுவரை எந்தப் பட்டியலிலும் இல்லாதவர்களை மாநகராட்சியின் முன் நிறுத்தியது.

குடிசைக் கணக்கையும் காற்றுக் கணக்கையும் ஒன்றாக்கலாமா என்று கேட்கலாம். விலை குறைந்த சென்சார் ஒளிச் சிதறலை வைத்துத் துகளை மதிப்பிடுகிறது. மழைக்கால ஈரத்தில் அது அளவை மிகைப்படுத்தும். நியாயமான ஆட்சேபம். அரசின் தரக் கண்காணிப்பு நிலையத்துக்குப் பக்கத்தில் சில வாரம் வைத்துத் திருத்தாத சென்சாரின் எண்ணை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. ஆனால் 2016 ஜனவரி இறுதியில் தேவ்னார் குப்பைமேடு பற்றியெரிந்து, மாநகராட்சி பள்ளிகளை மூடியபோது, எந்தச் சந்தில் புகை எத்தனை மணிநேரம் தங்கியது என்பதை ஒரு தனி நிலையத்தால் சொல்லியிருக்க முடியாது. அதற்குப் பல புள்ளிகள் வேண்டும். அந்தப் புள்ளிகளின் பழைய அளவுகள் அழியாமலும் இருக்க வேண்டும். சர்வரின் பொறுப்பாளர் ஒரு கருவியின் பதிவை நீக்கிவிட்டால், அந்தச் சந்து மறுநாளிலிருந்து வாய்பேசாது.

அப்படி நேராமலிருக்கச் சாவிகளைக் குடியிருப்புச் சங்கத்திடம் கொடுத்தால் பாதுகாப்பு என்னாவது என்பது அடுத்த ஆட்சேபம். லோராவான் விதிமுறையிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. வலைப்பின்னலில் கருவியைச் சரிபார்க்க ஒரு சாவி, அளவுகளைப் படிக்க வேறொரு சாவி. வலைப்பின்னலை நடத்துபவர் முதல் சாவியோடு நின்றுகொள்ளலாம். அளவுகளை அவர் படிக்க வேண்டியதே இல்லை. சிக்கல் 1.0 வகைக் கருவிகளில்தான்: இரண்டு சாவிகளும் ஒரே மூலச் சாவியிலிருந்து பிறப்பதால், மூலச் சாவி வைத்திருப்பவர் இரண்டையும் செய்துகொள்ள முடியும். 2017-இல் வந்த 1.1 பதிப்பு மூலச் சாவியையே இரண்டாகப் பிரித்தது. சாவிகளைக் காக்கும் ஜாயின் சர்வரை நெட்வொர்க் சர்வரிலிருந்து விலக்கி வேறொருவர் பொறுப்பில் வைக்கும் வழியையும் அதே ஆண்டு லோரா அலையன்ஸ் வகுத்துத் தந்தது. 2015-இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய தி திங்ஸ் நெட்வொர்க் என்ற லோராவான் வலைப்பின்னல், ஊர்மக்கள் வாங்கி வைத்த கேட்வேக்களைக் கொண்டே நகரத்தை எட்டிக் காட்டியது. சிர்ப்ஸ்டாக் போன்ற திறந்த மூல சர்வரைச் சாதாரணக் கணினியிலேயே நிறுவலாம். ஆகவே கோவண்டியில் சென்சார் வைக்க வரும் எந்தத் திட்டத்தின் ஒப்பந்தத்திலும், ஜாயின் சர்வர் யாரிடம் இருக்கும், திட்டம் முடிந்தபின் சாவிகள் யாருக்குப் போகும் என்ற இரண்டும் முதல் பக்கத்திலேயே எழுதப்பட வேண்டும்.