பெயர் ஏறிய வரலாறு

படத் தொடக்கத்தில் ஓடும் பெயர்வரிசையை வெறும் அலங்காரம் என்பர். அன்று! உழைப்புக்குத் தரும் ஒப்புகை அது.

1948-இல் வெளிவந்த 'அபிமன்யு'வுக்கு உரையாடல் தீட்டியவர் கலைஞர் மு. கருணாநிதி, திரையில் ஒளிர்ந்ததோ ஏ.எஸ்.ஏ. சாமியின் பெயர்! 1949-இல் 'வேலைக்காரி' அண்ணாவின் பெயரைத் தாங்கி வந்தது. 1952-இல் 'பராசக்தி'யும் கலைஞரின் பெயரைத் தாங்கி வந்தது. நடிகருக்கு எழுந்த கையொலி எழுத்தாளருக்கும் எழுந்தது. மறைக்கப்பட்ட பேனா மதிக்கப்பட்டது!

எழுதியவர் பெற்ற உரிமை ஏனைய உழைப்பாளருக்கும் எட்டிற்றா? போடி அருகே குரங்கணி மலைச்சரிவைக் கேளுங்கள். 2010-இல் வந்த 'மைனா' அங்கே படமாயிற்று. மலையழகை மக்கள் வியந்தனர். அம்மலையில் ஏலக்காய் பறித்தவள், மூட்டை சுமந்தவன் பெயரை எந்த ஏடு எழுதிற்று? ஏலம் மணக்கிறது, எடுத்த கையின் பெயர் மணக்கவில்லை!

தோழர்களே! பெயர் கேட்பது பெருமைக்கன்று, உரிமைக்கு. அடுத்த படத்தில் பெயர்கள் ஓடும்போது பேச்சை நிறுத்துங்கள், படியுங்கள். இல்லாத பெயர் எதுவெனக் கேளுங்கள்!